லஷீன் கால்வாயில் ஒரு கோடைப் பகல்

லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் போன கோடையில் ஒரு கிழமை படகில் போய் வந்தார்கள். கடலில் அல்ல, கால்வாயில். ஏழடி அகலமும் பஸ்ஸை விட நீளமும் கொண்ட படகு. அதற்குள்ளேயே சமையல், அதற்குள்ளேயே படுக்கை. மணிக்கு நாலு மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்பது அங்கத்தைய சட்டம். கரையில் நடந்து போகிறவர் படகில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே போகலாம் என்று ரெலிபோனில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் நிலக்கரி ஏற்றிய கால்வாய்கள் இப்போது விடுமுறைக்காரருக்கு உதவுகின்றனவாம்.

"உங்கட மொன்றியலில இப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் முதலில் சொன்னோம். பிறகுதான் நினைவுக்கு வந்தது. லசால் பக்கத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் தினமும் ஒரு பாலத்தைக் கடக்கிறது. பாலத்தின் கீழே தண்ணீர் ஓடுகிறது. அதிகாலையில் போகும்போது அரைத் தூக்கம், பின்னேரம் வரும்போது முழுத் தூக்கம். இத்தனை வருடமாக அந்தத் தண்ணீருக்குப் பெயர் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

அதன் பெயர் லஷீன் கால்வாய். யூலை மாதக் கடைசியில் கியூபெக்கில் கட்டிட வேலைக்காரருக்கு இரண்டு கிழமை விடுமுறை வரும் அல்லவா? அதே கிழமைகளில் எங்கள் தொழிற்சாலையும் மூடும். வழக்கமாக அந்த நாட்களில் ரொறன்ரோவுக்குக் கலியாண வீட்டுக்கு ஓடுவோம், அல்லது வீட்டில் படுத்து முதுகுவலி ஆற்றுவோம். இந்த முறை ஒரே ஷிவ்ற்றில் வேலை செய்யும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பகல் கால்வாய்க்குப் போனோம். அந்த அனுபவத்தையும், போவதற்கு முன்பும் பின்பும் அறிந்துகொண்ட விடயங்களையும், புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

சீனாவுக்குப் போக வந்தவர்கள்

சென் லோரன்ஸ் ஆறு பெரிய ஆறு. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதைக் கடல் என்றே சொல்ல வரும். ஆனால் இந்தப் பெரிய ஆற்றில் மொன்றியலுக்கு மேலே கப்பல் போக முடியாது. பாறைகள் நிறைந்த சரிவில் தண்ணீர் கொந்தளித்து ஓடுகிறது. 1535இல் வந்த ஜாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த இடத்தோடு நின்றுவிட்டார். அதற்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின்னர் லசால் என்பவர் இங்கே நிலம் பெற்று, மேற்கே போனால் சீனாவுக்கு வழி கிடைக்கும் என்று 1669இல் புறப்பட்டார். சீனா கிடைக்கவில்லை. அவருடைய நிலத்துக்கு மற்றவர்கள் கேலியாக "லா ஷீன்", அதாவது சீனா, என்று பெயர் வைத்ததாகச் சொல்லுகிறார்கள். அந்தக் கேலிப் பெயரே இன்று ஒரு பகுதியின் பெயர். வேறு எங்கேயோ போகப் புறப்பட்டு வேறு எங்கேயோ வந்து சேர்ந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல.

இந்தக் கொந்தளிப்பைச் சுற்றிப் போவதற்காகத்தான் கால்வாய் வெட்டினார்கள். 1821இல் வேலை தொடங்கி, 1825இல் படகுகள் ஓடத் தொடங்கின. பழைய துறைமுகத்தில் இருந்து லஷீனில் உள்ள சென் லூயி ஏரி வரைக்கும் ஏறக்குறைய 14 கிலோமீற்றர். முதலில் ஆழம் ஒன்றரை மீற்றர்தான். 1840களில் ஒரு தடவையும், 1873க்கும் 1885க்கும் இடையில் இன்னொரு தடவையும் அகலமாக்கி ஆழமாக்கினார்கள். தண்ணீர் சரிந்து வருவதால் அதன் விசையைக் கொண்டு ஆலைகளை ஓட்டலாம் என்று கண்டுகொண்டார்கள். மா ஆலை, ஆணி ஆலை, பஞ்சு ஆலை, சீனி ஆலை என்று கரை முழுக்க ஆலைகள் எழும்பின. கனடாவின் தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய இடங்களில் இது முக்கியமானது.

மண்வெட்டி பிடித்தவர்கள்

யார் வெட்டினார்கள்? இதைத்தான் நாங்கள் அறிய விரும்பினோம். பெரும்பாலும் அயர்லாந்தில் இருந்து வந்த ஏழைகள். இயந்திரம் இல்லை. மண்வெட்டி, பிக்காசு, கைவண்டி, வெடிமருந்து. 1843இல் முதலாவது அகலப்படுத்தல் நடந்தபோது கூலியைக் குறைத்தார்கள். நாளுக்கு மூன்று ஷில்லிங் தரவேண்டும் என்று கேட்டு அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு யூன் மாதத்தில், அருகே போவார்னுவா என்ற இடத்தில் வெட்டிய இன்னொரு கால்வாயில், கூலி கேட்ட தொழிலாளர்கள் மேல் படையினர் சுட்டார்கள். ஆட்கள் செத்தார்கள்.

நான்கு ஆண்டுகளின் பின், 1847இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் தலைவிரித்தாடியது. கப்பல் கப்பலாகச் சனம் இங்கே வந்தது. கப்பலிலேயே காய்ச்சல் பரவியது. கால்வாய்க்கு அண்மையில், புவான்ற் சென் சார்ள் பக்கத்தில், கொட்டில்கள் போட்டு நோயாளரைக் கிடத்தினார்கள். அங்கே ஏறக்குறைய 6000 பேர் இறந்தார்கள். பராமரிக்கப் போன கன்னியாஸ்திரிகளிலும் பலர் நோயில் விழுந்தார்கள். நகரத்தின் மேயராக இருந்த ஜோன் ஈஸ்ற்றன் மில்ஸ் அந்தக் கொட்டில்களுக்கு உதவப் போய், தானும் அதே காய்ச்சலால் அதே ஆண்டு இறந்தார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் பலரைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன.

1859இல் விக்ரோறியாப் பாலம் கட்டிய தொழிலாளர்கள் அந்தப் புதைகுழிகளின் மேல் ஒரு பெரிய கல்லை நிறுத்தினார்கள். ஆற்றில் இருந்து எடுத்த கல். "கறுப்புக் கல்" என்கிறார்கள். பாலத்துக்குப் போகும் தெருவின் நடுவே இன்றும் நிற்கிறது. அதை நிறுத்தியது அரசாங்கம் அல்ல, கூலி வேலை செய்தவர்கள். எங்களைப் போன்றவர்கள் என்று எழுதினால் மிகையாகாது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆற்றின் மறுகரையில் கனவாக்கே என்ற மோஹோக் மக்களின் ஊர் இருக்கிறது. பெரிய கப்பல்களுக்காக 1950களில் புதிய கடல்வழியை வெட்டியபோது அந்த மக்களின் ஆற்றங்கரை நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆற்றோடு வாழ்ந்த சனத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே கப்பல் வாய்க்கால் வந்தது. நிலம் பறிபோவது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்தப் புதிய கடல்வழி 1959இல் திறந்தது. லஷீன் கால்வாய்க்கு வேலை குறைந்தது. 1970இல் கப்பல் போக்குவரத்துக்கு முழுதாக மூடினார்கள். ஆலைகள் ஒன்றொன்றாகப் போயின, அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வேலை இழந்தன. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2002இல், உல்லாசப் படகுகளுக்காக மறுபடியும் திறந்தார்கள். இப்போது பார்க்ஸ் கனடா என்ற அரச நிறுவனம் பராமரிக்கிறது.

தண்ணீர் ஏறும் படி

இனி எங்கள் பகலுக்கு வருவோம்.

லியோனல் குறூ மெற்றோவில் இறங்கி அற்வோட்டர் தெருவால் தெற்கே நடந்தால் பத்து நிமிடத்தில் சந்தை வரும். மணிக்கூட்டுக் கோபுரம் உள்ள கட்டிடம், 1933இல் திறந்தது. அதற்குப் பின்னால் கால்வாய். சாப்பாட்டுப் பெட்டிகள், தண்ணீர்ப் போத்தல்கள், பாய், பிள்ளைகளின் பந்து, எல்லாவற்றோடும் நாங்கள் போன கோலத்தைப் பார்த்தால் ஊரில் திருவிழாவுக்குப் போவது போல இருந்திருக்கும்.

எங்களோடு அம்மாவும் வந்தா. அம்மா மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. "நான் கரையில இருக்கிறன், படகு கிடகு எண்டு என்னைக் கூப்பிடக்கூடாது" என்ற நிபந்தனையோடுதான் வெளிக்கிட்டா.

முதலில் கிழக்குப் பக்கமாகக் கரையால் நடந்து சென் காப்ரியேல் என்ற இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு நீர்க்கதவுத் தொகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் லொக், பிரெஞ்சில் எக்லூஸ். பக்கத்தில் நிற்கும் பெரிய செங்கல் கட்டிடம் முன்பு றெட்பாத் சீனி ஆலை. 1854இல் ஜோன் றெட்பாத் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தொடங்கியது. அவர் கல்வேலைக்காரராக இந்த நாட்டுக்கு வந்து, முதற்கால்வாய் கட்டிய ஒப்பந்தகாரரில் ஒருவராக இருந்தவர். இன்று அந்த ஆலை விலைகூடிய வீடுகளாக மாறிவிட்டது.

லொக் எப்படி வேலை செய்கிறது? இரணைமடுக் குளத்து வான்கதவை அறிந்தவர்களுக்கு விளங்குவது சுலபம். கால்வாயின் நடுவே கல்லால் கட்டிய ஒரு நீண்ட தொட்டி. இரண்டு முனையிலும் கதவு. தாழ்ந்த பக்கத்தில் இருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுகிறார்கள். பிறகு மேல்பக்கத்துத் தண்ணீரைச் சிறு வழியால் உள்ளே விடுகிறார்கள். தொட்டி நிரம்ப, படகும் ஏறுகிறது. மேல்பக்கத்து மட்டம் வந்ததும் முன்கதவைத் திறக்கிறார்கள், படகு போகிறது. இறங்குவதற்கு இதே வேலை மறுபக்கமாக. தண்ணீர் இறைக்கும் பம்பு தேவையில்லை. தண்ணீர் தன் பாட்டில் மேலிருந்து கீழே வருவதே போதும். கதவு இரண்டும் மேல்தண்ணீரை நோக்கிக் கூர்மூக்குப் போலச் சேர்ந்து மூடுகின்றன. தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குக் கதவு இறுகும். இப்படி 5 லொக்குகள் சேர்ந்து துறைமுகத்துக்கும் லஷீனுக்கும் இடையில் உள்ள சுமார் 14 மீற்றர் உயரத்தைப் படிபடியாகக் கடத்துகின்றன.

ஒரு வெள்ளைப் படகு துறைமுகப் பக்கத்தால் வந்து உள்ளே நின்றது. படகில் ஒரு கிழவனும் கிழவியும் ஒரு நாயும். சுவரில் தொங்கிய கயிற்றைக் கிழவி பிடித்துக்கொண்டா. எங்கள் காலுக்குக் கீழே எங்கேயோ இருந்த அவர்களின் தலை மெல்ல மெல்ல மேலே வந்தது. கடைசியில் எங்கள் முகத்துக்கு நேரே வந்து "போன்ஜூர்" என்றார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவு திறந்து மூடும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றா. அடுத்த படகும் வந்து ஏறிப் போகும்வரை வரமாட்டன் என்றுவிட்டா. பிறகு சொன்னா: "தண்ணியைப் பிடிச்சு வச்செல்லோ விடுகினம். அது தன்ர எண்ணத்துக்கு வரேல்லை."

கிளாலியின் பின்

அம்மா இந்த நாட்டில் மட்டும் அல்ல, ஊரிலும் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு வள்ளத்திலும் ஏறவில்லை. நயினாதீவுக்குக்கூடப் போகவில்லை. அம்மன் மன்னிப்பா என்று சொல்லிவிடுவா.

1993இல் நாங்கள் குடும்பமாகக் கிளாலியால் வந்தோம். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடிக் கிடந்த காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே போக நீரேரியை இரவில் கடக்கவேண்டும். ஒரு இயந்திரப் படகின் பின்னால் வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுத்துப் போவார்கள். கடற்படை கண்டால் சுடும். அந்த ஆண்டில் அப்படிச் செத்தவர்கள் பலர். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. தம்பி அழத் தொடங்கியபோது அம்மா அவன் வாயைத் தன் கையால் மூடினா. கரை ஏறும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. தம்பிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவன் இன்று எங்களை விட உயரம். ஆனாலும் மூச்சு நின்றிருந்தால் என்ற கேள்வி அம்மாவை விட்டுப் போகவில்லை என்பதை நாங்கள் மிகவும் பிந்தித்தான் அறிந்தோம்.

படகு வாடகைக்குத் தருகிற இடம் அற்வோட்டர் சந்தைக்கு எதிரே நடைபாலத்தைக் கடந்தால் வரும். சின்ன மின்சாரப் படகுகள் இரண்டு எடுத்தோம். போவதற்கு முன் எப்படித் திருப்புவது, எந்தப் பக்கம் ஓடுவது, எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஒரு இளம்பெண் விளங்கப்படுத்தினா. ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி தந்தா. பேத்தி தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு கரையில் இருந்த அம்மாவிடம் போனாள்.

"அப்பம்மா, இது உங்களுக்கு. வாங்கோ."

அம்மா அதை மடியில் வைத்து, பட்டியை இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்தா. "இதை அப்ப எங்களுக்கு ஒருத்தரும் தரேல்லையே" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சேலைக்கு மேலாலேயே போட்டுவிடச் சொன்னா.

எங்களோடு வந்த குருநகர் அண்ணைதான் படகை ஓட்டினார். தகப்பன் வழியில் கடற்தொழில் செய்த குடும்பம். இங்கே பதினைந்து வருடமாகப் பெட்டி அடுக்குகிறார். சுக்கானைப் பிடித்ததும் அவருடைய கை தானாக வேலை செய்தது. மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் யாரும் ஓடக்கூடாது என்பது கால்வாய்ச் சட்டம். மின்சாரப் படகு அந்த வேகத்தையும் தொடவில்லை. "இது வள்ளமே? பிள்ளையள் விளையாடுற சாமான்" என்று சிரித்தார். ஆனால் திரும்பி வரும்வரை மற்றவர் கையில் கொடுக்கவில்லை.

இயந்திரச் சத்தம் இல்லை. இரண்டு கரையிலும் மரங்கள், சைக்கிளில் போகிறவர்கள், பழைய ஆலைச் சுவர்கள், தானியம் சேர்த்த பெரிய உருளைக் கோபுரங்கள். பாலங்கள் மிகவும் பதிவு, தலை குனியச் சொல்லும். அம்மா முதல் பாலம் வரை கண்ணை மூடிக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்திருந்தா. இரண்டாம் பாலத்தில் கண்ணைத் திறந்தா. அதற்குப் பிறகு பேத்தி பாட்டுப் பாடத் தொடங்கினாள், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சுப் பாட்டு, பெரிய சத்தத்தில். நாங்கள் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லப் போனோம். அம்மா கையைக் காட்டித் தடுத்தா.

"விடுங்கோ. சத்தமாப் பாடட்டும்."

படகால் வந்த எங்கள் ஆட்கள்

திரும்பி வந்து புல்லில் பாய் விரித்துப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிடும்போது, படகுக் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கனடாவில் எங்கள் சனத்தைப் பற்றி முதன்முதலாகப் பெரிதாகக் கதைத்ததும் ஒரு படகுச் சம்பவத்தால்தான். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டார்கள். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் முதலில் கண்டு காப்பாற்றினார். அவர்களில் பலர் பின்பு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து குடியேறினார்கள். 2016இல், முப்பது ஆண்டு நிறைவில், அவர்களில் சிலர் குடும்பத்தோடு அந்தக் கரைக்குத் திரும்பிப் போய் அந்த மீனவரைக் கண்டு நன்றி சொன்னார்கள்.

அவர்கள் வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். 1847இல் அயர்லாந்துக்காரரைப் பார்த்துப் பயந்தவர்களும் இருந்தார்கள். இன்று அந்த அயர்லாந்துக்காரரின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இந்த நகரத்தில் எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். இதை நினைத்தால் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லும் நாளிலும் மனம் அவ்வளவு சோராது.

போக விரும்புகிறவர்களுக்கு

கால்வாய்க் கரையில் நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ ஒரு சதமும் தேவையில்லை. துறைமுகத்தில் இருந்து லஷீன் வரை பாதை போட்டிருக்கிறார்கள். லஷீன் முனையில் 1803இல் கட்டிய கல்வீடு ஒன்று உண்டு, முன்பு மிருகத்தோல் வியாபாரிகளின் களஞ்சியம். லொக்குகள் மே நடுப்பகுதியில் இருந்து ஒக்ரோபர் வரை வேலை செய்யும். படகு வாடகைக்குக் காசு வேண்டும். ஆனால் நாலைந்து பேர் பகிர்ந்தால் ஒரு நேரம் கடையில் சாப்பிடுகிற செலவுதான். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, பெரியவர்களும் போடுங்கள். நீந்தத் தெரியும் என்று வீரம் காட்டவேண்டாம். கால்வாயில் குளிக்கக்கூடாது. நூற்றைம்பது வருட ஆலைக்கழிவு அடிச்சேற்றில் கிடக்கிறது. பிள்ளைகளை நீச்சல் பழக்கவேண்டும் என்றால் நகரசபையின் நீச்சல் தடாகங்கள் இருக்கின்றன, உங்கள் பகுதியில் விசாரியுங்கள். தொப்பி, தண்ணீர், சாப்பாடு கொண்டுபோங்கள். குப்பையைக் கொண்டு வந்த பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

வேலை, மேலதிக நேரம், வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு. இவற்றுக்கு நடுவே ஒரு பகலைச் செலவழிப்பது வீண் என்று நாங்களும் நினைத்தவர்கள்தான். வீட்டில் வயதுபோனவர்கள் ஜன்னலோடு இருக்கிறார்கள் என்றால், தண்ணீரைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்றால், ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவசரப்படுத்தவேண்டாம். முதலில் லொக்கைக் காட்டுங்கள்.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிவிட்டது. பஸ் பாலத்தைக் கடக்கும்போது இப்போது எங்களில் யாராவது ஒருவர் கண்விழித்துக் கீழே பார்க்கிறோம். அம்மா போன ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு ரெலிபோனில் நெடுநேரம் கதைத்தா. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். அடுத்த யூலைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னா. "படகில போகலாம்" என்றா.